ஃபயர்பால் ஒன்று மிச்சம்

குறையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அந்தக் கடையில் இரவல் கொடுக்கிற இருபது முகப் பகடையில் ஆறு எது, ஒன்பது எது என்று சொல்ல முடியாது. வழக்கமாக இந்த இரண்டு எண்களுக்கும் அடியில் ஒரு சின்னக் கோடு இருக்கும். கோடு இருக்கும் பக்கம் கீழ்ப்பக்கம். எனக்கு வந்த பச்சைப் பகடை எத்தனை பேர் கை பட்டதோ, கோட்டில் இருந்த வெள்ளைச் சாயம் போய்ப் பள்ளமும் மழுங்கிவிட்டது. தலைக்கு ஐந்நூறு ரூபாய் வாங்குகிற இடத்தில் இதெல்லாம் ஒரு குறையா என்று கேட்பீர்கள். நான் பயந்தேனா இல்லையா என்பதே அன்றைக்கு அந்த ஒரு எண்ணில்தான் இருந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

கடை பெசன்ட் நகரில், பேருந்து நிலையத்திலிருந்து பொடிநடையாக ஏழெட்டு நிமிடம், முதல் மாடி. பெயரைப் போடவில்லை. இரண்டு பையன்களும் ஒரு பெண்ணும் சேர்ந்து நடத்துகிறார்கள். அந்த ஏரியா வாடகைக்கே அவர்களுக்கு மூச்சு முட்டும். நான் எழுதி அவர்கள் பிழைப்பில் மண் விழ வேண்டாம். சுவர் முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க விளையாட்டுப் பெட்டிகள். வார நாட்களில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து எதை வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். ஞாயிறு மூன்று மணிக்கு மட்டும் உள்ளே இருக்கிற பெரிய மேஜையில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். நான் எழுதுவது அந்த மேஜையைப் பற்றித்தான்.

எனக்கு வயது அறுபத்திரண்டு. முப்பத்து மூன்று வருஷம் துணைமின் நிலையங்களில் ஷிப்ட் பார்த்தவன். மாயாஜாலக் கதைகளுக்கும் எனக்கும் சின்ன வயதோடு சங்காத்தம் முடிந்துவிட்டது. இழுத்துப் போனது தம்பி மகன். பொறியியல் மூன்றாம் வருஷம் படிக்கிறான், தலையணை தடிமனில் கதைப் புத்தகமாக வாங்கி அடுக்குகிறான். ஒருநாள் மாம்பலத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்: "பவர் இருக்கிறவனுக்குத் தைரியம் தானா வரும் பெரியப்பா. கையில மந்திரம் இருக்கும்போது எதுக்குப் பயப்படணும்?"

நான் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "நான் முப்பத்து மூணு வருஷம் பவருக்குப் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தவன்டா. அங்க பயந்தவன்தான் பென்ஷன் வாங்குறான்" என்றேன்.

"அது கரண்ட் பெரியப்பா. இது மந்திரம்."

"ரெண்டும் கண்ணுக்குத் தெரியாது, தொட்டா தூக்கி அடிக்கும். என்ன பெரிய வித்தியாசம்?"

"அப்ப ஞாயித்துக்கிழமை வாங்க. மேஜையில பார்த்துக்கலாம்."

போனேன்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ரெண்டு வரி. இது 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்ற இருவர் கொண்டுவந்தது. தாயம், பரமபதம் மாதிரி கட்டம் கட்டாயமில்லை, காய் வெட்டுவதும் இல்லை. ஒருவர் கதை சொல்லுவார், அவர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக உட்கார்ந்துகொள்ள வேண்டும். "நான் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன்" என்று வாயால் சொன்னால் போதும். திறந்ததா, கதவு நம் மேல் விழுந்ததா என்பதைப் பகடை சொல்லிவிடும். இந்தக் கடையில் ஆடுவது 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு. விதிகளைத் திருத்தி 2024இல் புதுப் புத்தகம் வந்திருக்கிறது. இவர்கள் பழசையே வைத்திருக்கிறார்கள். ஏன் என்று கேட்டேன். "பழசு எல்லாருக்கும் மனப்பாடம் சார்" என்றார் டி.எம். நியாயமான பதில்.

அன்றைக்கு நான்கு பேர். தம்பி மகன், தோல் உடுத்திக் கோடரி தூக்குகிற பார்பேரியன். துரைப்பாக்கத்தில் வேலை பார்க்கிற ஒரு பையன், கிளெரிக், அதாவது சாமி அருளால் மந்திரம் போடுகிற பூசாரி. அம்மாவோடு வந்திருந்த எட்டாம் வகுப்புப் பெண், ஹாஃப்லிங் ரோக், அதாவது குள்ள இனத்துத் திருடி. மூன்றடி உயரம், பூட்டுத் திறப்பாள், மந்திரம் ஒன்றும் தெரியாது. யாரும் எடுக்காமல் மிச்சமிருந்த மந்திரவாதி எனக்கு. "அதுல நிறைய படிக்கணும் அங்கிள், அதான் யாரும் எடுக்கல" என்று அந்தப் பெண்ணே விளக்கம் சொன்னாள்.

புதியவர்களுக்குத் தயாராகப் பாத்திரத் தாள் அடித்து வைத்திருக்கிறார்கள், இதைப் பாராட்ட வேண்டும். எல்லாம் ஐந்தாவது லெவல். கொட்டை எழுத்து, என் கண்ணாடிக்கே சிரமமில்லாமல் தெரிந்தது. வாங்கியதும் பழக்க தோஷத்தில் எண்களைத்தான் பார்த்தேன். என் மந்திரவாதியின் உயிர் 27. தம்பி மகனின் பார்பேரியனுக்கு 55. அவனுக்கு லெவலுக்கு ஒரு பன்னிரண்டு முகப் பகடைக் கணக்கில் உயிர் ஏறும், எனக்கு ஆறு முகம். பழைய பதிப்புகளில் மந்திரவாதிக்கு நாலு முகம்தானாம். ஊரையே கொளுத்தக்கூடியவன்தான் ஓர் அறை விட்டால் விழுந்துவிடுகிறவனும். விளையாட்டைக் கட்டியவர்கள் எங்கள் ஸ்விட்ச்யார்டைப் பார்த்திருப்பார்களோ என்று தோன்றியது. ஊருக்கே வெளிச்சம் கொடுக்கிற மின்மாற்றி, ஒரு அணில் ஏறினால் டிரிப் ஆகிவிடும்.

தாளின் இடது ஓரத்தில் ஆறு கட்டம். வலிமை, லாவகம், தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம். இரண்டு தடவை படித்துவிட்டு, "தைரியம் எங்கே போடணும்?" என்று கேட்டேன்.

டி.எம். சிரித்தார். "அதுக்கு நம்பர் கிடையாது சார்."

தைரியத்துக்கு நம்பர் கிடையாது. ஆனால் பயத்துக்கு விதி இருக்கிறது, அதுவும் ரொம்பத் தெளிவான விதி. பயமுறுத்துகிற பிராணி முறைத்தால் விவேகத்தை வைத்துப் பகடை உருட்ட வேண்டும். தோற்றால், அது கண்ணில் படுகிற வரைக்கும் உங்கள் அடி சரியாக விழாது, அதை நோக்கி ஓர் அடிகூட வைக்க முடியாது. இதைக் கேட்டதும் மேஜையில் இருந்த நாப்கினை இழுத்துப் பேனாவை எடுத்துவிட்டேன். வந்த வேலையே இதுதானே.

அன்று எங்களைப் பயமுறுத்தியது மம்மி. அதன் பார்வைக்குத் தப்ப மொத்தம் 11 வர வேண்டும். பார்பேரியனுக்கு விவேகத்தில் கூட்டுத்தொகை எதுவும் இல்லை, பகடையிலேயே 11 விழுந்தாக வேண்டும். ஐம்பது சதவீதம். மந்திரவாதிக்குப் பயிற்சியிலேயே விவேகம் சேர்த்தி, என் தாளில் கூட்டல் நாலு. பகடையில் 7 வந்தால் போதும், எழுபது சதவீதம். பூசாரிக்குக் கூட்டல் ஆறு, எண்பது. அதுவரைக்கும் தம்பி மகன் கட்சி ஜெயிக்கிற மாதிரிதான் இருந்தது. மந்திரம் ஏற ஏற பயம் இறங்குகிறது. அவனும் நாப்கினை எட்டிப் பார்த்து, "பார்த்தீங்களா" என்றான், தன் பாத்திரமே கடைசியில் நிற்பதைக் கவனிக்காமல்.

அப்புறம் ஹாஃப்லிங்குக்குப் போட்டேன். கூட்டல் ஒன்றுதான். ஆனால் அந்த இனத்துக்கே ஒரு குணம் எழுதியிருக்கிறது: பயத்துக்கு எதிராக இரண்டு பகடை உருட்டி, பெரியதை எடுத்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டால் ஏறக்குறைய எண்பது. பூசாரிக்குச் சமம், மந்திரவாதிக்கு மேலே. மந்திரம் சுத்தமாகக் கிடையாது, உயரம் மூன்றடி. இந்த ஹாஃப்லிங்குக்கு 1974இன் முதல் அச்சில், டோல்கீன் நாவல்களில் வருகிற குள்ளர்களின் பெயரான ஹாபிட் என்றே பெயர். உரிமைத் தகராறு வந்ததும் மாற்றிவிட்டார்கள். பெயரைத்தான் மாற்றினார்கள், தைரியத்தை விட்டுவைத்தார்கள்.

சரி, எண்கள் இப்படி. ஆட்டம் வேறு மாதிரி நடந்தது.

டி.எம்மைப் பற்றி இங்கே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஐந்நூறில் நானூறு அவருக்குத்தான். இருபத்தைந்து வயது இருக்கும், கரகரத்த குரல். புத்தகத்தில் இருக்கிற கதை பாலைவனத்தில் நடக்கிறதாம். அவர் அதைத் தூக்கிக் கடற்கரையில் வைத்துவிட்டார். 2004 சுனாமியில் மாமல்லபுரத்தில் கடல் உள்வாங்கியபோது கல் வரிசைகள் தெரிந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள் இல்லையா, அதை வைத்து ஆரம்பித்தார். தண்ணீர் பின்னால் போகிறது, மணலுக்குள் படிக்கட்டு தெரிகிறது, நீங்கள் நாலு பேரும் மேலே நிற்கிறீர்கள், தண்ணீர் எப்போது திரும்பி வரும் என்று தெரியாது. மம்மி என்றால் துணி சுற்றிய எகிப்துப் பிணம் இல்லை. உப்பிலேயே ஊறிக் காய்ந்த ஒரு பழங்கால வியாபாரி, கருவாடு மாதிரி தோல். அந்தப் பெண்ணின் அம்மா பக்கத்து மேஜையில் செல்போன் பார்த்துக்கொண்டிருந்தவர், கருவாடு என்றதும் போனைக் கவிழ்த்துவைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்தார்.

படிக்கட்டில் இறங்கினோம். பார்பேரியன் முன்னால், அப்புறம் ஹாஃப்லிங், பூசாரி, கடைசியில் நான். யாரும் சொல்லவில்லை, தானாகவே அந்த வரிசை அமைந்தது. என் தாளில் ஒன்பது ஸ்லாட் இருந்தது. ஒரு மந்திரம் போட்டால் ஒன்று போயிற்று, தூங்கி எழுந்தால்தான் திரும்ப வரும். அந்த ஒன்பதில் இரண்டே இரண்டுதான் மூன்றாம் தரம். ஃபயர்பால் போடக்கூடியது அந்த இரண்டில்தான். நூற்றைம்பது அடி தூரம் வீசலாம், இருபது அடி ஆரத்துக்குள் இருக்கிற அத்தனை பேரும் வேகுவார்கள். எட்டு ஆறுமுகப் பகடைச் சேதம்.

இரண்டு எலும்புக்கூடு வந்தது, சின்ன மந்திரத்தில் சமாளித்தேன். இன்னும் இரண்டு வந்தது. "பெரியப்பா, ஃபயர்பால்!" என்றான். "இருக்கட்டும்" என்றேன். ஒரு கதவு திறக்கவில்லை. "ஃபயர்பால்!" "இருக்கட்டும்டா." ரேஷனில் சர்க்கரை வாங்கி வந்து டப்பாவில் பூட்டிவைக்கிற மாதிரி வைத்திருந்தேன். நான் கோழை இல்லை. கையில் இரண்டுதான் இருக்கிறது, மணி நாலரைதான் ஆகிறது. அவ்வளவுதான் விஷயம். கோடரிக்குக் கணக்கு கிடையாது, நூறு தடவை வீசலாம், அதனால் அவன் கவலைப்படாமல் வீசினான். தைரியம் என்று நாம் சொல்வதில் பாதி, செலவானால் திரும்பக் கிடைக்கும் என்கிற நிம்மதிதானோ என்று அப்போது பட்டது.

பெரிய அறை. அந்தக் கடைசியில் கருவாட்டு வியாபாரி. பார்பேரியன் வாசலில் காலை வைத்ததும் அது திரும்பி முறைத்தது. தம்பி மகன் உருட்டினான், 4. ஐந்தோ அதற்கு மேலோ குறைந்தால் பயத்தோடு சேர்ந்து உடம்பும் மரத்துவிடும் என்று விதி. ஐம்பத்தைந்து உயிரும் இரண்டு கைக் கோடரியுமாக வாசற்படியிலேயே சிலையாக நின்றுவிட்டான். அந்தச் சின்னப் பெண் அவன் காலுக்கு இடையில் புகுந்து ஓடி, தூணுக்குப் பின்னால் மறைந்து, மம்மியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டாள். வழியில் ஒரு எலும்புக்கூடு அடித்ததில் அவள் உயிர் 19 ஆகிவிட்டது. "குத்துறேன்" என்றாள். குத்தினாள். உப்புக்கட்டியில் குத்தின மாதிரி, பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

அடுத்து மம்மி என்னை முறைத்தது. எனக்கு 7 வேண்டும். பச்சைப் பகடையை உருட்டினேன். ஆறு. இல்லை, ஒன்பது.

மேஜையே எழுந்து குனிந்தது. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தேன், போட்டும் பார்த்தேன். தம்பி மகன் ஒன்பது என்றான். பூசாரி ஆறு என்றார், எங்கள் அணியிலேயே இருந்துகொண்டு. டி.எம். ஒன்றும் பேசாமல் இரண்டு விரலால் பகடையை அப்படியே தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தார். இருபது முகப் பகடையில் எதிரெதிர் முகங்களைக் கூட்டினால் 21 வரும். அடியில் 12 இருந்தால் மேலே 9. இருந்தது 15.

ஆக ஆறு. நாலைக் கூட்டினால் பத்து. ஒன்றில் போயிற்று. நான் பயந்துவிட்டேன்.

இந்த இடத்தில் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: கடை வாடகையை ஒப்பிட்டால் பகடை விலை ஒன்றுமே இல்லை. வெள்ளை பெயின்ட் பேனா வாங்கிக் கோட்டில் ஒரு இழுப்பு இழுத்தால்கூடப் போதும்.

என் முறை வந்தது. பயந்தவன் முன்னால் போக முடியாது. ஆனால் விதிப்புத்தகத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, தம்பி மகன்தான் எடுத்துக் கொடுத்தான். பயத்தில் கை நடுங்கினால் குறி தவறும், சரி. ஃபயர்பாலுக்குத்தான் குறியே தேவையில்லையே. இடத்தைச் சொன்னால் போதும், தப்பிப்பது அங்கே நிற்கிறவன் பாடு. அதாவது உலகத்தில் இருக்கிற அத்தனை பயத்தையும் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்று, என்னால் அந்த அறையைக் கொளுத்த முடியும். மம்மிக்கு நெருப்பு என்றால் இரண்டு மடங்கு. எல்லாம் கூடி வந்தது. அந்தப் பெண் மட்டும் அதன் பக்கத்திலேயே நிற்கிறாள். இருபது அடி ஆரம்.

"முடியாது" என்றேன்.

"அங்கிள், என்னையும் சேர்த்துப் போடுங்க" என்றாள்.

இதை விளையாட்டாகத்தான் சொன்னாள், விளையாட்டுதான். ஆனால் எனக்கு வயிற்றில் என்னவோ செய்தது, அதற்குக் காரணம் வேறு. லைனில் ஆள் வேலை செய்யப்போனால் முதலில் எங்களிடம் லைன் கிளியர் வாங்க வேண்டும், அதாவது கரண்ட்டை நிறுத்தியாயிற்று, வேலை செய்யலாம் என்கிற அனுமதி. பேச்சில் எல்.சி. பிரேக்கரைத் திறப்போம், ஐசொலேட்டரைத் திறப்போம், மூன்று கத்தியும் பிரிந்து நிற்கிறதா என்று யார்டில் நடந்துபோய்க் கண்ணால் பார்ப்போம், எர்த் போடுவோம். செத்த லைன்தான், ஆனால் பக்கத்தில் ஓடுகிற லைனிலிருந்து தூண்டலில் கரண்ட் ஏறி நிற்கும். எர்த் ராடை வைக்கிறபோது சில சமயம் 'பட்' என்று பொறி பறக்கும், அதைப் பார்த்த எவனும் மறுநாள் எர்த் போட மறக்க மாட்டான். அப்புறம் எல்.சி. கொடுப்போம். யார் வாங்கினாரோ அவரே திரும்பிக் கொடுக்க வேண்டும், இன்னொருவர் சொன்னால் செல்லாது. ஆட்கள் இறங்கிவிட்டார்கள், எர்த் எடுத்தாயிற்று, சார்ஜ் பண்ணலாம் என்று அவர் வாயால் கேட்டு, நேரத்தோடு புத்தகத்தில் எழுதிய பிறகுதான் கை சுவிட்சுக்குப் போகும். முப்பத்து மூன்று வருஷமும் என் வேலையின் சாரம் இதுதான். மேலே ஆள் இருக்கும்போது சார்ஜ் பண்ணாதே. இப்போது பதின்மூன்று வயதுப் பெண் கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு சார்ஜ் பண்ணுங்க என்கிறாள்.

"எல்.சி. ரிட்டர்ன் பண்றியா?" என்று கேட்டுவிட்டேன். வாயில் அப்படித்தான் வந்தது.

"பண்றேன்" என்றாள், ஒன்றும் புரியாமல். ஆனால் கணக்கு அவளுக்குப் புரிந்திருந்தது. "எட்டு டைஸ், சராசரி இருபத்தெட்டு அங்கிள். நான் குதிச்சுத் தப்பிச்சா பாதிதான். பதினாலு. எனக்குப் பத்தொன்பது இருக்கு."

"தப்பிக்கலன்னா?"

தோளைக் குலுக்கினாள்.

போட்டேன். ஆறுமுகப் பகடை தட்டில் ஐந்துதான் இருந்தது. எட்டு வேண்டும். ஐந்தை உருட்டி, அதிலேயே மூன்றை மறுபடி எடுத்து உருட்டினேன். (கடைக்காரர்கள் கவனிக்க, இரண்டாவது தடவை.) மொத்தம் 31. மம்மி தப்பவில்லை, இரண்டு மடங்கில் 62, அதன் உயிரே 58தான். உப்பு வெடித்த சத்தத்தை டி.எம். வாயாலேயே எழுப்பினார். அந்தப் பெண் உருட்டியதில் 1 விழுந்தது. என் மூச்சு நின்றுவிட்டது. ஹாஃப்லிங்குக்கு 1 விழுந்தால் மறுபடி உருட்டலாம் என்று இன்னொரு சலுகை உண்டு. உருட்டினாள், 17. பாதி, பதினைந்து. நாலு உயிரோடு கரியாகி நின்றுகொண்டு மேஜையில் இருந்த எல்லோரிடமும் கைதட்டு வாங்கினாள். அவள் அம்மாதான் பலமாகத் தட்டினார்.

சாப்பாடு பற்றி எழுதாவிட்டால் விமர்சனம் ஆகாது. காபி மெஷின் காபி, அறுபது ரூபாய், தவிர்த்துவிடுங்கள். கீழே இறங்கி நாலு கடை தள்ளினால் நல்ல டிகாக்ஷன் கிடைக்கிறது, ஐந்து மணிக்குக் கொடுக்கிற இடைவேளையில் போய் வந்துவிடலாம். மசாலா தூவிய உருளை வறுவல் கொண்டுவருகிறார்கள், ருசிதான், ஆனால் எண்ணெய் விரலோடு பகடை எடுத்தால் அந்தக் கோட்டில் ஏன் சாயம் நிற்கவில்லை என்று புரிந்துவிடும். ஏசி நேரே பிடரியில் அடிக்கும், சுவரோரம் உட்காருங்கள். நாற்காலிக்கு முதுகு இல்லை. நாலு மணி நேரம் என் வயதுக்கு அதிகம், கேட்டால் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து தருகிறார்கள். கழிப்பறை சுத்தம். பாட்டுச் சத்தத்தைக் குறைக்கச் சொன்னால் முகம் சுளிக்காமல் குறைக்கிறார்கள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தம்பி மகன் விடவில்லை. "நீங்க பயந்து பயந்து ஆடினீங்க, அதனால மந்திரவாதியே அப்படின்னு சொல்லாதீங்க. வேற ஆள் ஆடியிருந்தா?" என்றான். அதுவும் சரிதான். நம்பர் இல்லாத கட்டத்தில் என் நம்பரைப் போட்டுவிட்டேன்.

ஆனாலும் கர்ணனைச் சொன்னேன். இந்திரன் கொடுத்த சக்தி ஆயுதம், ஒரே ஒரு தடவைதான் விடலாம். அர்ஜுனனுக்கு என்று எத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தான்? கடைசியில் ராத்திரி யுத்தத்தில் கடோத்கசன் சேனையையே துவம்சம் பண்ணவும் அவன் மேல் விட வேண்டியதாயிற்று. கர்ணனை யாராவது தைரியம் இல்லாதவன் என்று சொல்வார்களா? ஆனால் அந்த ஓர் ஆயுதம் கையில் இருந்த வரைக்கும் அவன் ஆடியது என் ஆட்டம்தான். "இருக்கட்டும், இருக்கட்டும்."

தம்பி மகன் பஸ்மாசுரனைக் கொண்டுவந்தான். வரம் கிடைத்த மறு நிமிடமே கொடுத்த சிவன் தலையிலேயே கை வைக்க ஓடினானே, பவர் வந்ததும் தைரியம் வரவில்லையா? வந்தது, மறுக்கவில்லை. எங்கள் பக்கத்திலும் அப்படி ஆட்கள் உண்டு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த முதல் ஆறு மாதத்துக்கு. பஸ்மாசுரன் மோகினியோடு ஆடித் தன் தலையிலேயே கை வைத்துக்கொண்டான். எங்கள் ஆட்களை ஃபோர்மேன் கெட்ட வார்த்தையில் திட்டியே காப்பாற்றிவிடுவார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது விக்கிரமாதித்தன் கதையில் இருக்கிற யோகி. வடபழனியிலிருந்து மாதா மாதம் வந்த அம்புலிமாமாவில் படித்துப் படித்து வளர்ந்த கதை, ஆனால் இந்தக் கோணத்தில் பார்த்தது அன்றைக்குத்தான். மந்திரம் எல்லாம் யோகியிடம். பூஜை அவனுடையது, பலன் அவனுக்கு. ஆனால் நடுராத்திரி சுடுகாட்டு முருங்கை மரத்தில் ஏறிப் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு வர, மந்திரம் ஒன்றும் தெரியாத ஒரு ராஜா வேண்டியிருந்தது. வேதாளம் ஒவ்வொரு தடவையும் பறந்துபோய் மறுபடி தொங்கும், இவன் மறுபடி ஏறுவான். அந்த யோகி நானேதான். பின்னால் நின்றுகொண்டு முன்னால் ஆளை அனுப்பிய மந்திரவாதி. யோகியை ராஜா கடைசியில் வெட்டிவிடுகிறான் என்பதை நினைத்ததும் ஹாஃப்லிங்கிடம் கொஞ்சம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

தம்பி மகன் கொஞ்ச நேரம் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தான். பிறகு, "பாலடின்னு ஒரு வகை இருக்கு பெரியப்பா. பத்தாவது லெவல் வந்துட்டா அவனுக்குப் பயமே கிடையாது. அவனைச் சுத்திப் பத்தடிக்குள்ள நிக்கிற நம்ம ஆளுங்களுக்கும் கிடையாது" என்றான். மந்திரம் கொஞ்சம், வாள் கொஞ்சம், ரெண்டும்கெட்டான். அவன் பக்கத்தில் நின்றாலே போதும். இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஷிப்டில் எனக்கு அப்படி ஒருவர் இருந்தார், அவர் டூட்டியில் இருந்தால் இடி மின்னல் ராத்திரியிலும் எங்கள் எல்லோருக்கும் கை நடுங்காது. அதைச் சொல்ல ஆரம்பிப்பதற்குள் எங்கள் ஸ்டாப் வந்துவிட்டது.

ஒன்றை விட்டுவிட்டேன். ஆட்டம் முடிந்து படி இறங்கும்போது கடைசிப் படியில் ஒரு தெருநாய் படுத்திருந்தது. அந்த ஏரியாவுக்கே பழகின நாய், வாலைக்கூட ஆட்டவில்லை. மம்மிக்குப் பின்னால் போய் நின்ற ஹாஃப்லிங் அம்மாவின் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு மூன்று படி மேலே ஏறிவிட்டாள். பார்பேரியனும் கிட்டத்தட்ட அங்கேயேதான் நின்றான், செல்போனில் ஏதோ பார்க்கிற பாவனையில். டி.எம். இறங்கி வந்து நாயின் காதைச் சொறிந்து நகர்த்திவிட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: வாட்ஸாப்பில் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், மேஜைக்கு ஐந்து பேர்தான். வண்டி நிறுத்த இடமில்லை, பஸ்ஸே உத்தமம். தமிழில் ஆடலாம், டி.எம். இரண்டிலும் சொல்வார், தமிழில் சொன்னால்தான் கருவாடு வரும். பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம், கதை கொஞ்சம் ரத்தம். எனக்கு நாலு நட்சத்திரம். ஒன்று பகடைக்காகப் பிடித்தம்.

கடைசியில் என் தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அதில் ஒரு ஃபயர்பால் மிச்சம் இருந்தது. அடுத்த தடவைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். "தூங்கி எழுந்தா எல்லாம் ஃபுல்லா வந்துடும் சார், மிச்சம் சேராது" என்றார். சேர்த்துவைத்துக் காசாக்குகிற ஈட்டிய விடுப்பு என்று நினைத்தேன், வருஷக் கடைசியில் தீர்ந்துபோகிற தற்செயல் விடுப்பாக இருந்திருக்கிறது. அடுத்த மாதம் முதல் ஞாயிறுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். பகடை சொந்தமாக வாங்கிவிட்டேன், மஞ்சள் நிறம், ஆறுக்கும் ஒன்பதுக்கும் அடியில் கருப்புக் கோடு பளிச்சென்று இருக்கிறது. அதன் மேல் நானே நகப்பூச்சு ஒரு கோட்டிங் கொடுத்தேன்.